நாலு பேர் பத்தாகும், பத்தாயிரம் பத்தாது

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் டில்லித் தமிழ்க் குடும்பங்களின் பட்டியலில் குலதெய்வம், கல்யாணம், பாட்டி வீடு என்ற வரிசையில் தீம் பார்க்கும் சேர்ந்துவிட்டது. பர்ஸ் காலியாகாமல் போய் வர என்ன வழி?

மார்ச் மூன்றாவது வாரம். டில்லி மந்திர் மார்க்கில் பிர்லா மந்திருக்கு வரும் கூட்டம் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கிறது. அதே சாலையில், டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் பிள்ளைகள் பரீட்சை முடித்து வெளியே வரும் நேரம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறது, பெற்றோருக்குத் தொடங்குகிறது. மே மாதம் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் ரீடிங் ரோடு என்று பெயர் பெற்றிருந்த இந்தச் சாலைக்கும், இதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோல் மார்க்கெட் பகுதிக்கும், தமிழர்களுக்கும் பழைய உறவு. சர்க்கார் உத்தியோகம் தேடி வடக்கே வந்த தலைமுறை இங்கே குவார்ட்டர்ஸ்களில் குடியேறியது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கிய கல்விக் கழகத்துக்கு இன்று தலைநகரில் ஏழு பள்ளிகள். அந்தத் தலைமுறையின் கோடை விடுமுறைக்கு ஒரே அர்த்தம்தான்: ஊருக்குப் போவது. ஹோல்டாலில் படுக்கையைச் சுருட்டி, கூஜாவில் தண்ணீர் நிரப்பி, டிரங்குப் பெட்டியோடு கிளம்பினால் இரண்டு இரவு, ஒரு பகல் பிரயாணம். பாட்டி வீட்டுத் திண்ணையும் மாமரமும் போதுமானதாக இருந்தன.

இப்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி வேறு. "அங்கே போய் என்ன பண்றது?" இந்தக் கேள்விக்குப் பெற்றோர் கண்டுபிடித்த பதில்தான் தீம் பார்க். ஒரு நாள் அங்கே கூட்டிப் போகிறோம் என்ற வாக்குறுதியின் பேரில் மீதி இருபது நாள் கிராமத்துக்குச் சம்மதம் கிடைக்கிறது. லஞ்சம் என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் அதுதான்.

திசை மாறிய வேடிக்கை

வேடிக்கை பார்க்க டில்லிக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான அப்பு என்ற யானைக்குட்டியின் பெயரில், பிரகதி மைதானத்தில் 1984 நவம்பரில் அப்பு கர் திறந்தது. நாட்டின் முதல் பொழுதுபோக்குப் பூங்கா என்ற பெயர் அதற்கு உண்டு. ஊரிலிருந்து வரும் அண்ணன் குடும்பத்துக்குக் குதுப் மினார், செங்கோட்டை, சாயங்காலம் பிர்லா மந்திர், மறுநாள் அப்பு கர் என்று டில்லித் தமிழர்கள் சுற்றிக் காட்டினார்கள். 2008 பிப்ரவரியில் அப்பு கர் மூடப்பட்டது.

அதற்குள் தெற்கே நிலைமை மாறியிருந்தது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரை, எத்தனை சீண்டினாலும் சிரிக்காத சிலை மனிதனோடு ஏற்கெனவே பிரபலம். 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தார். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர் வந்தது. வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்று வளர்ந்த வி-கார்டு நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலேண்டைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் வொண்டர்லா என்ற பெயரில் 2005இல் பெங்களூருக்கும், 2025 டிசம்பரில் சென்னைக்கு வெளியே திருப்போரூர் பக்கத்து இள்ளலூருக்கும் வந்தது. ஆக, ஊர்ப் பிள்ளைகள் டில்லி பார்த்த காலம் போய், டில்லிப் பிள்ளைகள் ஊருக்குப் போய் வாய் பிளக்கும் காலம்.

தீம் பார்க் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கேளிக்கைப் பூங்கா, பொழுதுபோக்குப் பூங்கா என்றெல்லாம் எழுதிப் பார்த்தாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கருப்பொருள் பூங்கா'. தமிழ் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். தொல்காப்பியர் கணக்குப்படி நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் பறையும் கருப்பொருள். மனிதருக்குள் நடப்பது உரிப்பொருள். ராட்டினமும் சறுக்கு மரமும் செயற்கை அலையும் டிக்கெட்டுக்குக் கிடைத்துவிடும். உரிப்பொருளைக் குடும்பம்தான் வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டும். பட்டியல் போடும்போது பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

தலையை எண்ணுங்கள்

செலவு கையை மீறுவது ரூபாயைத் தப்பாக எண்ணுவதால் என்று நினைக்கிறோம். உண்மையில் தலைகளைத் தப்பாக எண்ணுகிறோம்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டில்லியிலிருந்து கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பூங்காவில் ஆளுக்குச் சராசரியாக 1,200 ரூபாய் என்று வைத்தால் 4,800. சமாளிக்கலாம். ஆனால் தங்குவது தாம்பரத்தில் தம்பி வீட்டில். அங்கேயும் இரண்டு பிள்ளைகள். தன் பிள்ளைகளுக்கு மட்டும் செருப்பு மாட்டி அழைத்துக்கொண்டு, தம்பி பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு எந்தப் பெரியப்பா கிளம்ப முடியும்? நாலு எட்டாகிறது, 9,600. "அம்மா, அப்பாவையும் கூட்டிண்டு போயிடலாமே" என்று ஒரு குரல் எழும். எட்டு பத்தாகிறது, 12,000. விளம்பரத்தில் கண்ட விலை வரி சேர்க்காததாக இருந்தால் இன்னும் 18 சதவிகிதம், அதாவது 2,160 ரூபாய். (2017இல் இந்தப் பூங்காக்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதமாக இருந்தது. 2018 ஜனவரியில்தான் 18 ஆனது.) வண்டி, சாப்பாடு இன்னும் கணக்கில் வரவில்லை.

டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஸ்லீப்பர் வகுப்பில் சாதாரணக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்குள். பாதி இந்தியாவைக் கடப்பதைவிட ஒரு நாள் நீரில் சறுக்குவதற்கு அதிகம் கேட்கிறார்கள். பட்ஜெட்டில் பெரிய செலவு எது என்பதில் இனி சந்தேகம் வேண்டாம்.

'டில்லியில் சென்ட்ரல் கவர்ன்மென்ட்' என்ற ஒரே காரணத்துக்காகப் பெரியப்பாதான் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கொடுக்க முடியாத பெரியப்பா கடன் வாங்கியாவது கொடுப்பார். தம்பி மனசுக்குள் கூனிக்குறுகுவார். இரண்டுமே தேவையில்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போனில் பேசிவிடலாம். டிக்கெட் அண்ணன் பொறுப்பு. வேன் வாடகையும் காலைச் சாப்பாடும் தம்பி பொறுப்பு. நேரில், பிள்ளைகள் முன்னால் பேசினால் கௌரவப் பிரச்சினையாகும் விஷயம் போனில் வெறும் ஏற்பாடாக முடிந்துவிடும்.

நாள் பார்க்கும் வித்தை

பெரும்பாலான பூங்காக்களில் சனி, ஞாயிறு கூட்டமும் அதிகம், பல இடங்களில் கட்டணமும் அதிகம். புதன்கிழமை போனால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். ஜூன் மாதத்து வார நாள் இன்னும் உத்தமம். தமிழ்நாட்டில் ஜூன் முதல் பாதியிலேயே பள்ளிகள் திறந்துவிடும். டில்லிப் பள்ளிகளுக்கோ ஜூன் முடிய விடுமுறை. கூட்டமில்லாத பூங்காவில் டில்லிப் பிள்ளைகள் ராஜாங்கம் நடத்தலாம்.

அதில் ஒரு குறை. அந்தப் புதன்கிழமை தம்பி பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். சித்தப்பா பிள்ளைகள் இல்லாத பூங்காவுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் போவானேன்? ரோகிணியில் ரிதாலா மெட்ரோ நிலையத்தின் அருகிலேயே ஒரு பூங்கா இருக்கிறது. நொய்டாவில் ஒன்று இருக்கிறது. அங்கேயே போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கலாம்.

இரண்டு விடுமுறைகளும் ஒன்றோடொன்று உரசும் நாட்கள் சில உண்டு. டில்லியில் மே இரண்டாவது வார வாக்கில் பள்ளி மூடுகிறது. தமிழ்நாட்டில் ஜூன் தொடக்கம்வரை திறப்பதில்லை. இந்த இடைவெளியில் வரும் செவ்வாய், புதன், வியாழன்தான் நமக்கு முகூர்த்த நாட்கள். கூட்டம் இருக்கும், ஆனால் வாரக் கடைசிக் கூட்டம் இருக்காது, எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இந்த முகூர்த்தத்தைப் பிடிக்க ரயில் டிக்கெட்டைச் சரியான நாளில் எடுக்க வேண்டும். 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்தது. மே 18 கிளம்ப வேண்டுமானால் மார்ச் 19 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு அந்தத் தேதியிலிருந்து தனியாக அறுபது நாள் எண்ண வேண்டும். போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் வரும் டிக்கெட்டை மறந்தவர்கள்தான் ஜூன் கடைசியில் தத்காலுக்குத் தவம் கிடக்கிறார்கள்.

ரயிலில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால், தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். இது 2016 ஏப்ரலில் வந்த மாற்றம். பூங்காவில் சட்டம் வேறு. பல இடங்களில் வயதைப் பார்க்க மாட்டார்கள். சுவரில் கோடு போட்டு உயரத்தைப் பார்ப்பார்கள். குழந்தைக் கட்டணமா, முழுக் கட்டணமா என்பதையும், எந்த ராட்டினத்தில் ஏறலாம் என்பதையும் அந்தக் கோடுதான் தீர்மானிக்கும். எனவே கிளம்பும் முன் வீட்டுக் கதவில் நிறுத்திப் பிள்ளைகளை அளந்துவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைவதால் அண்ணன் ஏறும் ராட்டினத்தில் தம்பி ஏற முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லி அழவைத்துவிட்டால், அங்கே அழுகை மிச்சம்.

சர்க்கார் தரும் கைச்செலவு

மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. என்ற வரம் உண்டு. நான்கு ஆண்டுக் கட்டத்தில் இரண்டு முறை சொந்த ஊருக்கு. அதில் ஒன்றை இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் மாற்றிக்கொள்ளலாம். 2026இல் புதிய கட்டம் தொடங்கியது. 2022-25 கட்டத்தில் பயன்படுத்தாதவர்களுக்கு 2026 முடியும்வரை அவகாசம்.

ஆனால் எல்.டி.சி. தருவது பயணக் கட்டணம் மட்டும். ஆட்டோ, ஓட்டல், பூங்கா டிக்கெட் எதற்கும் காசு கிடையாது. ஊர் கும்பகோணம் என்றால் நடுவில் சென்னையில் இறங்கித் தங்கலாம், தடையில்லை. பணம் மட்டும் குறைந்த தூரத்து நேர் வழிக்கு உள்ள கட்டணத்தோடு நின்றுவிடும். முன்பணம் வாங்கியவர்கள் திரும்பிய ஒரு மாதத்துக்குள், வாங்காதவர்கள் மூன்று மாதத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடும் சலுகை ஒன்று இருக்கிறது. எல்.டி.சி.யில் போகும்போது சம்பாதித்த விடுப்பில் பத்து நாளைச் சம்பளமாக மாற்றிக்கொள்ளலாம். பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து அறுபது நாள். அந்தப் பத்து நாள் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, 'பூங்காவுக்கு இதற்குமேல் ஒரு பைசா கிடையாது' என்று கோடு போட்ட குடும்பங்கள் நிம்மதியாகத் திரும்புகின்றன. தனியார் வேலையில் இருப்பவர்கள் தீபாவளி போனஸிலிருந்து ஒதுக்கி வைக்கலாம். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுச் செப்டம்பர்வரை தவணை கட்டும் சந்தோஷம் சந்தோஷமே இல்லை.

மூன்று பை, ஒரு காலிப் பை

ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். சர்க்கார் அனுமதிக்கிறது என்பதற்காகத் தூக்க வேண்டியதில்லை. சாமானை மூன்றாகப் பிரிப்பது நல்லது.

முதலாவது, ரயில் பை. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் வரும். புளியோதரை மறுநாள் மதியமும் தாங்கும். மே மாத வெயிலில் நாக்பூர் தாண்டும்போது தயிர் சாதம் புளித்துவிடாமல் இருக்க, பால் அதிகமாக விட்டு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலப்பது மாமிகளின் பழைய சூத்திரம். நாலு பேருக்கு மூன்று வேளை ரயில் சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

இரண்டாவது, வீட்டுப் பை. மாற்றுத் துணி, கல்யாணத்துக்கு ஒரு பட்டு, பாட்டிக்கு மருந்து, தம்பி வீட்டுக்கு ஆக்ரா பேட்டா.

மூன்றாவது, பூங்காப் பை. இதை டில்லியிலேயே கட்டி, பூங்கா வாசல்வரை பிரிக்கக் கூடாது. நீர் விளையாட்டுகளில் பருத்தி உடை, புடவை, சல்வார் ஆகியவற்றை அனுமதிப்பதில்லை; நைலான் போன்ற உடை வேண்டும். அங்கேயே வாங்கினால் விலை கடிக்கும். சரோஜினி நகர் மார்க்கெட்டில் தேடினால் மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கு ஒரு துண்டு, மாற்று உடை, ஈரத் துணிக்குப் பிளாஸ்டிக் பை, கண்ணாடி போட்டவர்களுக்குப் பின்னால் கட்டும் கயிறு, பிளாஸ்திரி, வாந்தி மாத்திரை, அடையாள அட்டை. சாப்பாடு மட்டும் இந்தப் பையில் வேண்டாம். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு. காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் உள்ளே ஒரு வேளைச் செலவோடு போகும்.

இவற்றோடு மடித்து வைத்த ஒரு காலிப் பை. திரும்பும்போது அப்பளம், வடகம், மாவடு, காபிப் பொடி, புளி என்று ஊர் முழுவதும் அதில் ஏறி வரும்.

பாதுகாப்பு விஷயத்தில் சிக்கனம் கூடாது. 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் இறக்கினார்கள். இருக்கையின் பூட்டு சரியாக விழுந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிவிடுங்கள். 1,200 ரூபாய் கொடுத்தோமே என்று எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

கணக்கில் வராத ஒருத்தி

எந்தப் பூங்காவுக்குப் போனாலும் நிழல் உள்ள பெஞ்சுகளைப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அம்மாக்கள். மடியில் கைப்பை, பக்கத்தில் எட்டு ஜோடிச் செருப்பு, தோளில் துண்டு, கையில் நாலு செல்போன். முழு டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, பகல் முழுவதும் காவல் காத்துவிட்டு வெளியே போகிறார்கள். மார்ச்சில் டிக்கெட் கணக்குப் போட்டது, மே மாதத்தில் புளிக்காய்ச்சல் கிளறியது, பைகளைக் கட்டியது எல்லாம் அவர்கள்தான். 'எனக்கு இதெல்லாம் பிடிக்காது' என்று சொல்வார்கள். பிடிக்காததால் சொல்கிறார்களா, மாற்று உடை எடுத்து வராததால் சொல்கிறார்களா, பையை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையில் சொல்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு மருந்து எளிது. நான்காவது நைலான் உடையும் பட்டியலில் வரட்டும். பொருளை லாக்கரில் வைக்க ஆகும் வாடகை, வீணாகும் ஒரு டிக்கெட்டைவிட நிச்சயம் குறைவு. லாக்கர் வேண்டாம் என்றால் முறை போடுங்கள்: மதியம்வரை அப்பா காவல், அதற்குப் பிறகு சித்தப்பா. உண்மையிலேயே பிடிக்காது என்றால், டிக்கெட்டே வாங்காமல் அந்தப் பகலை அவர் இஷ்டப்படி கழிக்க விடுங்கள்.

தாத்தா, பாட்டிக்கும் இதே நியாயம். ஒரு ராட்டினத்திலும் ஏறாதவர்களை வெயிலில் உட்காரவைக்கப் பணம் கட்டுவதில் மரியாதை எதுவும் இல்லை. மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள். அதைவிட, அவர்களுக்கென்று வேறொரு நாளை ஒதுக்குங்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கத் தொல்லியல் துறை பெரியவர்களிடம் வாங்குவது நாற்பது ரூபாய். பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். வண்டலூர் மிருகக் காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை தவிர என்றைக்கும் போகலாம். மெரினாவில் சுண்டலுக்கு மட்டும்தான் செலவு. பூங்காவுக்கு ஒரு நாள், பத்துப் பேருக்கும் பொதுவாக ஒரு நாள் என்று பிரித்தால், பன்னிரண்டாயிரம் கேட்கும் கணக்கு எட்டுப் பேரோடு 9,600க்கு இறங்கும். பாட்டியும் திட்ட மாட்டாள்.

அடுத்த மார்ச்சில் பட்டியல் எழுத உட்காரும்போது, முதல் வரியில் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த நாளில் அவருக்கு என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். யாருக்கு எதிரே 'பை பார்த்துக்கொள்வது' என்று வருகிறதோ, அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ரூபாயை எண்ணுவது அதற்குப் பிறகு.